வலியோடு நடக்கச் சொல்கிறார்கள், அதுவும் தொலைபேசியில்

கேள்வி: எனக்கு வயது 64. தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. பீடிப் பழக்கத்தைக் குறைத்துவிட்டேன், இப்போது ஒரு நாளைக்கு இரண்டுதான். ஒரு வருடமாக, வீட்டிலிருந்து ரேஷன் கடை வரை போவதற்குள் வலது கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. மதுரையில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, தொடை ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு அறுவை சிகிச்சை வேண்டாம், நடைப்பயிற்சிதான் மருந்து என்றார்கள். வாரம் மூன்று நாள் மதுரைக்கு வந்துபோக என்னால் ஆகாது என்றதும், அங்குள்ள இயன்முறை மருத்துவர் வீடியோ அழைப்பிலேயே பயிற்சியைக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் வலி வந்த பிறகும் சிறிது தூரம் நடக்கச் சொல்கிறார். வலிக்கும் காலை இன்னும் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மனைவி தடுக்கிறார். மகள் அடி எண்ணும் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள், அது போதாதா என்கிறாள். தொலைபேசியில் செய்வது உண்மையிலேயே சிகிச்சைதானா? வரும் தைப்பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போகலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: ஐயா, கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த டாப்ளர் அறிக்கையின் நகலையும் படித்தேன். உங்கள் மனைவியின் கவலையிலிருந்தே தொடங்குகிறேன். வலித்தால் உட்கார் என்பது நம் வீடுகளில் எல்லா வலிக்கும் சொல்லப்படும் வைத்தியம். மூட்டு வீங்கியிருக்கும்போதும் நெஞ்சு வலிக்கும்போதும் அது சரியான வைத்தியமும்கூட. உங்கள் கெண்டைக்கால் வலி வேறு இனத்தைச் சேர்ந்தது. நடக்கும்போது சதைக்குப் பல மடங்கு ரத்தம் வேண்டும். தொடையில் குழாய் குறுகியிருப்பதால் அவ்வளவு ரத்தம் கீழே இறங்குவதில்லை. பிராணவாயு போதாத சதை பிடித்துக்கொள்கிறது. நின்றவுடன் தேவை குறைந்துவிடுவதால் வலி தானே அடங்குகிறது. அங்கே எதுவும் கிழியவில்லை, எதுவும் தேயவில்லை. இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் 'கிளாடிகேஷன்' என்ற பெயர், நொண்டுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1831-இல் பிரான்சில் ஒரு கால்நடை மருத்துவர் வண்டிக் குதிரை ஒன்றிடம்தான் இதை முதலில் கவனித்து எழுதினார்: சிறிது தூரம் ஓடியதும் பின்னங்கால் நொண்டும், நிறுத்தி வைத்தால் சரியாகும், மறுபடி ஓட்டினால் மறுபடி நொண்டும். ரேஷன் கடைக்குப் போகும் வழியில் உங்களுக்கு நடப்பதும் அதுவே.

நீங்கள் குனிந்து உட்காராமல் வெறுமனே நின்றாலே வலி விட்டுவிடுகிறது என்று எழுதியிருப்பது முக்கியமான குறிப்பு. முதுகெலும்பில் நரம்பு நசுங்குவதால் வரும் கால்வலியும் நடந்தால் வரும். ஆனால் அது பெரும்பாலும் உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் அடங்கும். அறிக்கையில் வலது காலுக்கு 0.62, இடது காலுக்கு 0.86 என்று இருப்பது, கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த அழுத்தத்தால் வகுத்து வந்த எண். 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் காலுக்குப் போகும் ரத்தம் குறைவு என்று பொருள். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால் இந்த எண் உண்மையைவிட அதிகமாகக் காட்டுவதும் உண்டு. அதனால் இடது காலைப் பற்றியும் அலட்சியம் வேண்டாம், அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது கால் விரலில் அளக்கும் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, வலியோடு நடப்பது பற்றி. இது உங்கள் இயன்முறை மருத்துவர் சொந்தமாகக் கண்டுபிடித்த முரட்டு வைத்தியம் இல்லை. கோபன்ஹேகனைச் சேர்ந்த லார்சன், லாசன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1966-லேயே, தினசரி நடைப்பயிற்சி கொடுத்த நோயாளிகளையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டு, பயிற்சி செய்தவர்கள் அதிகத் தூரம் நடப்பதைக் காட்டினார்கள். 1995-இல் அமெரிக்காவில் 21 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, வாரம் மூன்று முறைக்குக் குறையாமல், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்கு மேல், வலி ஏறக்குறைய உச்சத்தைத் தொடும் வரை, ஆறு மாதமாவது நடந்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது தெரியவந்தது. பயிற்சி அடைப்பைக் கரைப்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் ஒழுங்காக நடந்த பிறகு டாப்ளர் எடுத்தாலும் அந்த 0.62 பெரிதாக மாறியிருக்காது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மாறுவது சதை. வருகிற கொஞ்ச ரத்தத்திலிருந்து அதிகப் பிராணவாயுவைப் பிரித்தெடுத்துச் செலவிட அது பழகிக்கொள்கிறது, ரத்தக்குழாயின் உட்சுவர் முன்னைவிட நன்றாக விரிந்து கொடுக்கிறது, நடையிலும் வீண் சிரமம் குறைகிறது. அந்தப் பழக்கம் வருவதற்குச் சதை திரும்பத் திரும்பக் கொஞ்சம் பற்றாக்குறையை உணர வேண்டும். வலி எட்டிப் பார்த்த உடனே உட்கார்ந்துவிட்டால் அந்தச் செய்தி சதைக்குப் போய்ச் சேருவதே இல்லை.

தொலைபேசி வழியே செய்வது சிகிச்சையா என்ற உங்கள் கேள்விக்கு, யார் பேசுகிறார், என்ன கேட்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதே என் பதில். மருத்துவமனையில் நேரடிக் கண்காணிப்பில் செய்யும் பயிற்சிக்கு உள்ள மதிப்பு பழையது, உறுதியானது. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடு 2017 முதல் இந்த நோய்க்கு 12 வாரங்களில் 36 பயிற்சி அமர்வுகளுக்குப் பணம் கொடுக்கிறது. ஆனால் நடக்க முடியாதவரை வாரம் மூன்று முறை ஊர்விட்டு ஊர் வரச் சொல்லும் முரண்பாடு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். காசு கொடுக்க ஆள் இருந்தும் அங்கேயும் பலர் சேருவதில்லை, சேர்ந்தவர்களில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அதனால்தான் வீட்டிலேயே நடக்கச் சொல்லி, தூரத்திலிருந்து கவனிக்கும் முறையைப் பலரும் சோதித்துப் பார்த்தார்கள்.

அந்தச் சோதனைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மகள் வாங்கிக் கொடுத்த கடிகாரத்துக்கான பதிலும் அவற்றில்தான் இருக்கிறது. இரண்டையும் நடத்தியது சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி மெக்டெர்மட் என்ற மருத்துவரின் குழு. 2018-இல் வெளியான முதலாவதில் 200 பேர் இருந்தார்கள். பயிற்சிக் குழுவினர் முதல் மாதம் சில முறை நேரில் வந்தார்கள். அதன் பின் உடலில் அணியும் ஒரு கருவியும் தொலைபேசி ஆலோசனையும் மட்டும். ஒன்பது மாத முடிவில், ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளந்தபோது, எந்தப் பயிற்சியும் கொடுக்கப்படாதவர்களைவிட அவர்கள் ஒரு அடிகூட முன்னேறியிருக்கவில்லை. 2021-இல் வெளியான இரண்டாவதில் 305 பேர். ஒரு சாரார் வலி வராத அளவுக்கு மெதுவாகவும், இன்னொரு சாரார் கால்வலி நடுத்தரத்திலிருந்து கடுமையாகும் அளவுக்கு வேகமாகவும் தங்கள் வீட்டுப் பக்கத்திலேயே நடந்தார்கள். இரு சாராரையும் பயிற்சியாளர் வாராவாரம் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். ஒரு வருடம் கழித்து ஆறு நிமிட நடையில் வேகமாக நடந்தவர்கள் சராசரியாக 34.5 மீட்டர் முன்னேறினார்கள். மெதுவாக நடந்தவர்கள் 6.4 மீட்டர் பின்னடைந்தார்கள். வருடம் முழுதும் சொன்னபடி நடந்தும் பின்னடைவு என்பதை மீண்டும் ஒரு முறை படியுங்கள். உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள்.

இவற்றிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: கருவி நடந்ததை எண்ணும், எந்த வலியில் நின்றீர்கள் என்று கேட்காது. அடி எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவது இந்த நோய்க்கு மருந்தாகாது. பேரன் கையில் கட்டிவிட்டால் உங்கள் மகளின் கடிகாரம் சாயங்காலத்துக்குள் பத்தாயிரம் அடி காட்டிவிடும். அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நேரம் பார்க்கவும், அன்று நடந்தீர்களா இல்லையா என்பதற்குச் சாட்சியாகவும் அது பயன்படும். பயிற்சியை நடத்த வேண்டியது மறுமுனையில் இருக்கும் மனிதர்.

நானும் தொடக்க காலத்தில் 'தினமும் நன்றாக நடங்கள்' என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பியவன்தான். இத்தனை மில்லிகிராம், இத்தனை வேளை என்று எழுதாமல் 'மாத்திரை சாப்பிடுங்கள்' என்று சொல்லி அனுப்புவதற்கு அது சமம் என்பது பிறகுதான் உறைத்தது. ஒருவர் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து, தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன், ஒரு பலனும் இல்லை என்றார். கூடவே நடந்து பார்த்தேன். வலி வந்துவிடக் கூடாது என்று கல்யாண ஊர்வலம் போல அவ்வளவு நிதானமாக நடந்தார். வலி வராத தூரம் வந்ததும் ஒரு திண்ணையைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அவரை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். தேதி, வலி தொடங்கிய நேரம், நின்ற நேரம், ஓய்வு, மொத்தம் நடந்த நிமிடம் என்று ஐந்து கட்டம். முதல் நாள் பக்கத்தில் 'வலி 2 நிமிடம் 40 நொடி, நின்றது 4 நிமிடம், ஓய்வு 3 நிமிடம்' என்று பென்சிலில் எழுதியிருந்தார். அதே வரி கொஞ்சம் கூடக்குறைய ஐந்து முறை. ஒன்பதாவது வாரத்துப் பக்கத்தில் வலி தொடங்கிய நேரம் 6 நிமிடத்தைத் தாண்டியிருந்தது. அந்த நோட்டு இல்லாவிட்டால், 'இன்னும் வலிக்கத்தானே செய்கிறது' என்று எட்டாவது வாரத்திலேயே விட்டிருப்பேன் என்று அவரே சொன்னார்.

உங்களுக்கும் அதே முறையைத்தான் சொல்வேன். வலிக்கு நீங்களே ஒரு மதிப்பெண் வைத்துக்கொள்ளுங்கள்: வலி தலைகாட்டினால் 1, லேசாக இருந்தால் 2, நன்றாகப் பிடித்து, 'இனி நின்றால் தேவலை' என்று தோன்றினால் 3, ஓர் அடிகூட வைக்க முடியாவிட்டால் 4. மூன்று வந்ததும் நில்லுங்கள்; நான்கு வரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம். வலி முழுதாக அடங்கும் வரை நின்றோ உட்கார்ந்தோ இருந்துவிட்டு மறுபடி நடங்கள். முதல் வாரம் ஓய்வைக் கழித்து மொத்தம் 15 நிமிட நடை போதும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, 40 முதல் 50 நிமிடத்துக்குக் கொண்டுபோகலாம். வாரத்தில் மூன்று நாளுக்குக் குறையக் கூடாது. ஐந்து நாள் முடிந்தால் நல்லது. மூன்று, நான்கு நிமிடங்களுக்குள் 2, 3 என்ற அளவு வலி வரும்படி வேகம் இருக்க வேண்டும். நிற்காமல் எட்டு, பத்து நிமிடம் நடக்க முடிகிறது என்ற நிலை வந்தால், வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது கண்மாய்க் கரை ஏற்றம் போன்ற சிறு மேட்டில் நடங்கள். மாற்றம் தெரிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம், அதற்குள் முடிவு கட்ட வேண்டாம்.

நடக்கும் இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கோவில் பிரகாரம் நிழலாகவும் சமதளமாகவும் இருக்கிறதே என்று உங்கள் வயதுக்காரர்கள் பலர் அங்கே சுற்றுகிறார்கள். நீங்கள் போகக் கூடாது. பதினான்கு வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மழுங்கியிருக்கக்கூடும். வெயிலேறிய கல்லில் வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் கொப்பளித்து, அது தெரியாமலே வீட்டுக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்த ஓட்டம் குறைந்த காலில் அப்படி ஒரு கொப்புளம் ஆறுவதற்கு மாதக்கணக்காகும், சிலருக்கு ஆறாமலே போய்விடும். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்போ, விரல் இடிக்காத கேன்வாஸ் ஷூவோ இல்லாமல் தெருவில் இறங்காதீர்கள், போடும் முன் உள்ளே கையை விட்டுக் கல், முள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு முன்பே நடையை முடித்துவிடலாம். மழைக்காலத்தில் பள்ளிக்கூடத் தாழ்வாரமோ, ஆளில்லாத கல்யாண மண்டபமோ கிடைத்தால் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பதால் வெறும் வயிற்றில் நடக்காமல், சட்டைப் பையில் நாலு மிட்டாயும் கைபேசியும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ அழைப்பில் என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்களும் தெரிந்து வைத்திருந்தால், நடப்பது கண்காணிப்பா, வெறும் நலம் விசாரிப்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அழைப்பு வந்ததும் முதலில் பாதம். கைபேசியை யாரையாவது பிடிக்கச் சொல்லி உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் காட்ட வேண்டும். அடுத்து நோட்டு, சென்ற வாரம் எத்தனை நாள், எந்த மதிப்பெண்ணில் நின்றீர்கள், வலி அதே சதையில்தானா, மேலே ஏறியிருக்கிறதா, நெஞ்சில் இறுக்கமோ மூச்சு வாங்கலோ உண்டா. பிறகு கேமராவுக்கு முன்னால் ஒரு முறையாவது அவர் பார்க்க நடக்க வேண்டும். வலிக்குப் பயந்து காலை இழுத்து நடக்கிறீர்களா என்பது நோட்டில் தெரியாது. கடைசியில், அடுத்த வாரத்துக்கு என்ன மாற்றம் என்று ஓர் எண்ணைச் சொல்லி அவர் முடிக்க வேண்டும். 'நல்லா இருக்கீங்களா, தொடர்ந்து நடங்க' என்று இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறவராக இருந்தால், இந்தக் கேள்விகளை நீங்களே அவரிடம் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு அழைப்பு வேண்டும். மாதம் ஒன்று என்று ஆனால் நடையும் அப்படியே ஆகிவிடும்.

மாதம் ஒரு முறை ஆறு நிமிட நடையை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் மேடு பள்ளமில்லாத பகுதியில் பத்து மீட்டர் கயிற்றை மூன்று முறை நீட்டி, இரண்டு முனையிலும் கோலமாவால் கோடு போட்டால் மருத்துவமனை வராந்தாவில் அளக்கும் அதே 30 மீட்டர் கிடைத்துவிடும். ஆறு நிமிடத்தில் எத்தனை முறை போய் வந்தீர்கள் என்று உங்கள் மனைவியே எண்ணட்டும். வேண்டாம் என்று தடுக்கிறவரைக் கணக்கு எழுதுபவராக ஆக்குவதில் எனக்குக் கொஞ்சம் சுயநலமான நோக்கமும் உண்டு.

தொடங்கும் முன் ஒரு முறை நேரில் போகாமல் முடியாது. கால் குழாயில் படியும் அதே கொழுப்பு இதயக் குழாயிலும் படியும் என்பதால், இ.சி.ஜி. பார்த்து, வேகமாக நடக்கலாம் என்று மருத்துவர் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கவும் கொழுப்புக்கும் கொடுத்திருக்கும் மாத்திரைகளை, நன்றாக நடக்கிறோமே என்று நிறுத்திவிடாதீர்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவரும் இருக்கிறார். மதுரைக்காரர் தூரத்திலிருந்து பார்க்க முடியாதவற்றை, பாதத்தின் உணர்ச்சியையும் நாடித் துடிப்பையும், நேரில் தொட்டுப் பார்க்க அவரால் முடியுமா என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இந்த ஏற்பாடெல்லாம் உங்கள் கால் இப்போதிருக்கும் நிலைக்குத்தான். படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டால் தேவலை என்று தோன்றினால், விரலில் புண்ணோ கறுப்போ கண்டால், நடையை நிறுத்திவிட்டு அந்த வாரமே ரத்தக்குழாய் மருத்துவரைப் பாருங்கள். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்துப் போனால் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. அது சில மணி நேரத்திலேயே காலை இழக்க நேரிடும் நிலை. வீடியோ அழைப்புக்குக் காத்திராமல் வண்டி பிடியுங்கள்.

பீடி இரண்டுதான் என்கிறீர்கள். ஒவ்வொரு பீடியும் குழாயைச் சுருக்குகிறது. ஐம்பது நிமிடம் நடந்து சம்பாதித்ததைத் திண்ணையில் உட்கார்ந்து செலவழிப்பதுபோல. இரண்டில் நிற்க முடிந்தவரால் பூஜ்யத்துக்கும் வர முடியும். முடியாவிட்டால் அதற்கும் மருந்து உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

பழநியைப் பற்றி. இந்தத் தைப்பூசத்துக்கு ஊரிலிருந்து நடந்து போக வேண்டாம், வெறுங்காலோடு என்றால் எந்தத் தைப்பூசத்துக்கும் வேண்டாம். பாதயாத்திரையில் கூட்டத்தின் வேகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்க முடியாது, இரவில் பாதத்தைச் சோதிக்க வெளிச்சமும் இருக்காது. அன்றுவரை நோட்டு ஒழுங்காக நிரம்பியிருந்து, பாதத்தில் புண் எதுவும் இல்லாமலிருந்தால், பேருந்தில் போய் அடிவாரத்தில் இறங்கி, செருப்போடு கிரிவீதியை உங்கள் கணக்குப்படி நின்று நின்று ஒரு முறை சுற்றுங்கள். படியேறுவது சமதளத்தைவிட விரைவில் வலியைக் கொண்டுவரும் என்பதால் மலைக்கு விஞ்ச்சிலோ ரோப் காரிலோ ஏறிக்கொள்ளலாம். சுற்றும்போது எந்த இடத்தில் முதல் முறை நின்றீர்கள் என்பதை மட்டும் அன்றைய பக்கத்தில் குறித்து வையுங்கள். அடுத்த அழைப்பில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.